வீக்கத்துக்கு இடம்

எங்கள் அண்ணியோடு ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள், என் கஷ்டம் அப்போது புரியும். கூட்டமெல்லாம் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், அண்ணி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் பூனைபோல எழுந்து போய் ஏதாவது ஒரு தூணை விரல் மடக்கித் தட்டுவார். திரும்பி வந்து என் காதில், "தம்பி, உள்ளே இரும்பு. மேலே சும்மா அலங்காரப் பூச்சு. தீப்பிடிச்சா கால் மணி நேரம்கூடத் தாங்காது" என்பார். அதற்குமேல் எனக்குச் சாப்பாடு எப்படி இறங்கும்? வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து மாறிக்கொள்வேன்.

அண்ணியின் வேலை இதுதான். கட்டடங்களைத் தாங்கும் இரும்புத் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் தீயைத் தாங்குகிற பூச்சு எது என்று தேர்ந்தெடுப்பது. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணன் கல்யாணத்தின்போது, "பெண் பெயிண்ட் கம்பெனியில் இருக்கிறாள்" என்றார்கள். வீட்டுச் சுவருக்கெல்லாம் ஓசியில் பெயிண்ட் வரப்போகிறது என்று நான் ஒருவன் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தேன். இன்றுவரை ஒரு டப்பா வந்ததில்லை.

கட்டடம் கட்டுகிற இடத்தில் அவருக்குப் பெயர் மைக்ரான் மேடம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகக் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். கழுத்தில் ஒரு சின்னக் கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு, காய்ந்த பெயிண்டின்மேல் அதை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போவார். கனம் குறைந்திருந்தால் மறுபடி அடிக்க வேண்டும். பெயிண்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர் ஒருநாள் வராவிட்டால், "மைக்ரான் எங்கே, உடம்பு சரியில்லையா?" என்று முதலில் கேட்பதும் அவர்கள்தான்.

அண்ணி படித்தது வேதியியல். படித்து முடித்து ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தார். வானநீலம் கேட்டு வந்தவருக்கு வானநீலம், மறுநாள் அது பிடிக்காமல் வந்தவருக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளை. அப்படி ஒரு நாளில் ஒரு விற்பனைக்காரர் வெள்ளைப் பெயிண்ட் அடித்த ஒரு இரும்புத் தகட்டோடு வந்து, அதன்மேல் கேஸ் சுடரைப் பிடித்தாராம். அண்ணி சொல்லும்போது பார்க்க வேண்டும், கண் இரண்டும் அகல விரியும். "அப்படியே பால் பொங்கற மாதிரி பொங்கிச்சு தம்பி! கறுப்பா, நுரையா, மேல மேல வருது. எவ்வளவு மெல்லிசா இருந்த பெயிண்ட், இப்ப உள்ளங்கை உயரம்! சூடு உள்ள போகவே இல்ல. அந்த ஆள் தகட்டுக்குப் பின்னாடி விரலை வச்சுக்கிட்டுச் சிரிக்கறார்!" அண்ணனை முதன்முதலில் பார்த்த கதையைக்கூட அவர் இவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை. அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இரும்பு எரியாதே, அதற்கு எதற்குப் பாதுகாப்பு என்று நானும் ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எரியாதாம், துவண்டுவிடுமாம். ஐந்நூறு டிகிரியைத் தாண்டினால் பாதி பலம் போய்விடும். தலைமேல் ஏழு மாடியைச் சுமந்துகொண்டிருக்கிறவன் பாதி பலத்தோடு எவ்வளவு நேரம் நிற்பான்? அதனால் பூச்சின் வேலை தீயை அணைப்பது அல்ல, உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து சேரும்வரை இரும்பைச் சூடாகாமல் வைத்திருப்பது. ஒல்லியான இரும்பு சீக்கிரம் சூடாகும் என்பதால் அதற்குத்தான் பூச்சு கனமாக வேண்டும். தடித்த தூணுக்குக் கொஞ்சம் போதும். நானாக இருந்தால் நேர் தலைகீழாகச் செய்திருப்பேன். என் வேலை சின்ன வேன் ஓட்டுவது, நல்லவேளை.

இப்போது கதைக்கு வருகிறேன். ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்பியது, முழுக்க இரும்புச் சட்டத்தில். பூச்சு வேலை அண்ணியின் கம்பெனிக்குக் கிடைத்தது. அதே ஆஸ்பத்திரியில்தான் எங்கள் அண்ணன் நர்ஸாக இருக்கிறார். புதுக் கட்டடத்தின் மேல் மாடியில், தானாக எழுந்து நடக்க முடியாதவர்களுக்கான வார்டு வரப்போகிறது. இடுப்பு முறிந்தவர்கள், முதுகில் அறுவை செய்தவர்கள். தீ என்றால் அவர்கள் ஓட மாட்டார்கள், ஒவ்வொருவராகத் தூக்கித்தான் இறக்க வேண்டும். அதற்கு ஒன்றரை மணி நேரம் தூண் அசையாமல் நிற்க வேண்டும் என்று தீயணைப்புத் துறை சொல்லியிருந்தது.

அண்ணி முதலில் சிமென்ட் கலவையைத் தெளிக்கும் முறையை எடுத்துப் பார்த்தார். விலை மலிவு, நம்பிக்கையானது, ஆனால் உதிரும். நோயாளிகள் மூச்சு விடும் இடத்தில் தூசியா என்று தள்ளிவிட்டார். தீப்பிடிக்காத பலகை வைத்துத் தூணை மூடலாம். ஆனால் தினமும் மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற தரை, அடிப்பலகை ஊறிப் போகும். அதுவும் போச்சு. கடைசியில் அவருடைய பழைய காதல், பொங்குகிற பெயிண்டே நின்றது. துடைக்கலாம், உதிராது, பார்வைக்கும் அழகு. கட்டட வரைபடக்காரருக்கும் அதில்தான் ஆசை, தூண்கள் வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டுமாம். அண்ணி கையெழுத்துப் போட்டார். வீட்டில் அன்றைக்கு ஒரே கும்மாளம்.

அந்தக் கும்மாளத்துக்கு நடுவில்தான் அண்ணன் மெதுவாகச் சொன்னார், மேல் மாடி வார்டுக்குத் தலைமை நர்ஸாக அவரையே கேட்டிருக்கிறார்கள் என்று.

"வேணாம்" என்றார் அண்ணி. கேட்ட மாத்திரத்தில். யோசிக்கவேயில்லை.

"ஏன்?"

"கீழ் மாடியிலயே இருங்க. வெளிநோயாளிப் பிரிவு நல்லாத்தானே இருக்கு."

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம், வந்தால் குரல் இன்னும் தணிந்துபோகும். "நீ தேர்ந்தெடுத்த பெயிண்டை நம்பி மத்த எல்லாரும் மேல இருக்கலாம். நான் மட்டும் இருக்கக் கூடாதா?"

அண்ணி எழுந்து தட்டுகளை எடுத்து அடுக்கினார். நான் அந்த வீட்டில் எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன், முக்கால்வாசி நான் மூட்டிவிட்டவை. இந்தக் கேள்விபோல ஒன்று விழுந்து நான் பார்த்ததில்லை. அடுத்த சில நாட்கள் இருவரும் உப்பு எடு, சாவி எங்கே என்ற அளவில்தான் பேசிக்கொண்டார்கள். அண்ணன் பதில் சொல்ல ஆஸ்பத்திரியில் அவகாசம் கொடுத்திருந்தார்கள், அதுவும் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் வேலையிடத்தில் வேறொரு தலைவலி. ஆஸ்பத்திரி என்றால் கட்டில் உருளும், வண்டி உருளும், எல்லாம் தூணில் இடிக்கும். இடித்தால் பெயிண்ட் பெயரும். அதனால் இடுப்பு உயரத்துக்குத் தூணைச் சுற்றிப் பளபளவென்று எஃகுத் தகடு போர்த்த முடிவானது. தூணோடு ஒட்டி, இறுக்கமாக, சட்டை போட்ட மாதிரி. அந்தப் படத்தை வரைந்ததும் அண்ணிதான். அண்ணியின் கம்பெனி முதலாளிக்குப் படம் பிடித்துப்போய்த் தகடெல்லாம் வெட்டி வந்து இறங்கிவிட்டது.

ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். உம்மென்று இருப்பது தாங்காமல் நான் அண்ணனிடம், "இன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன விசேஷம்?" என்று கேட்டு வைத்தேன்.

"ஒரு பையன். கால் முறிஞ்சு வெளியூர்ல கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. புது அடி, வீங்கும்னு தெரிய வேணாமா? வீக்கத்துக்கு இடமே விடாம மாவுக்கட்டு இறுக்கிப் போட்டிருக்காங்க. கால்விரல் எல்லாம் நீலம். ஓடிப்போய்க் கட்டை வெட்டினோம். காப்பாத்தறோம்னு கட்டினதே காலைத் தின்னுருக்கும்."

அண்ணி கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்தை?"

"வீக்கத்துக்கு..."

"வீக்கத்துக்கு இடம் விடலைன்னேன்."

அண்ணி எழுந்தே விட்டார். "ஐயோ! நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்! அது பொங்கணுமே! தகட்டை இறுக்கிப் போட்டா எங்க போய்ப் பொங்கும்? பெயிண்டைப் பத்திரமா வச்சுக்கறேன்னு அதோட கழுத்தையே நெரிச்சிருக்கேனே!" அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார். திடீரென்று அண்ணன் முன்னால் வந்து நின்று அவர் கன்னம் இரண்டையும் பிடித்து ஆட்டினார். சண்டை நடந்துகொண்டிருந்ததே இருவருக்கும் மறந்துவிட்டது. நான் இருப்பதும் மறந்துவிட்டது. நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த நிமிஷத்திலிருந்து வீடே வேலையிடமாகிவிட்டது. தகட்டைத் தூணில் ஒட்டாமல் தரையில் ஊன்றி, சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். எவ்வளவு இடைவெளி? கூடத்தின் நடுவில் என்னை நிறுத்தினார்கள். நான்தான் தூண். என்னைச் சுற்றி அட்டையை வளைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு விரல், மூன்று விரல், நான்கு விரல் என்று அண்ணி வைத்துப் பார்த்தார். அண்ணன் சாப்பாட்டு நாற்காலியைக் கட்டிலாக உருட்டிக்கொண்டு வந்து மோதிப் பார்த்தார். ரொம்ப நெருங்கினால் பெயிண்டுக்கு மூச்சு முட்டும். ரொம்ப விலகினால் கட்டில் திரும்பாது. என் விலா எலும்பு இன்னும் வலிக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு குஷியான சாயங்காலம் அந்த வீட்டில் அதற்கு முன் வந்ததில்லை. முடிவில் மூன்று விரலில் வந்து நின்றது.

மறுநாள் முதலாளி குதித்தார். பெரிய தொண்டை, சின்ன விஷயத்துக்கும் ஊரைக் கூட்டுவார், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். "வெட்டி வந்த தகட்டை நான் தலையில போட்டுக்கவாம்மா? இரும்புக்கு மேல இன்னொரு இரும்பு, இன்னும் பலம்தானே!"

"அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான் சார். தப்பா வரைஞ்சுட்டேன். நம்பலைன்னா ரெண்டையும் உலையில வச்சுப் பாத்துடலாம்."

உலை என்றதும் முதலாளியின் முகம் மாறியது. மனிதருக்குப் போட்டி என்றால் உயிர். "பாத்துடலாம்! என் கட்சி இறுக்கம்" என்று அங்கேயே கட்சி பிரித்துவிட்டார்.

தீச்சோதனைக் கூடத்தில் கிடைத்த நாள், அண்ணன் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளாக அமைந்தது. மதியத்துக்குள் சொல்லியாக வேண்டும். காலையில் கிளம்பும்போது அண்ணி வாசலில் நின்று, "நான் போன் பண்றவரைக்கும் எதுவும் சொல்லாதீங்க" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியாத மாதிரி.

ஆள் உயரத்துக்கு வெட்டிய இரண்டு தூண் துண்டுகளை என் வேனில்தான் கொண்டு போனோம். பெயிண்ட் கீறக் கூடாது என்று வீட்டிலிருந்த கம்பளி அத்தனையும் சுற்றியிருந்தேன். குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி ஓட்டினேன். பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினான், நானும் சும்மா விடவில்லை. வழியிலேயே இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டேன். இறுக்கிப் போர்த்தியவன் ஒட்டுச்சட்டை. இடைவெளி விட்டவன் தொளதொளா.

சோதனைக்கூடத்து அதிகாரி அதிகம் பேசாத மனிதர். தொளதொளாவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "இடைவெளி விட்டது சரி. ஆனா அதே இடைவெளி புகைபோக்கி மாதிரி சூட்டை மேல இழுக்கலாம். அப்படி இழுத்தா பெயிண்டையே மாத்த வேண்டி வரும்."

புகைபோக்கியை அண்ணியும் யோசித்திருந்தார். யோசித்துத்தான் மூன்று விரல். ஆனால் யோசித்தது வேறு, இன்னொருவர் வாயால் கேட்பது வேறு.

உலையைப் பற்றவைத்தார்கள். கனமான கண்ணாடி பதித்த சின்ன ஓட்டை வழியாக உள்ளே பார்க்கலாம். வெளியே திரையில் இரண்டு கோடு, இரும்புக்குள் பதித்த கம்பிகள் சொல்கிற சூடு. ஒட்டுச்சட்டைக்குச் சிவப்பு, தொளதொளாவுக்குப் பச்சை. மேலே குறுக்காக ஒரு கறுப்புக் கோடு, இரும்பு துவளுகிற சூடு. அதைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

முதலில் இரண்டும் ஒன்றாகவே ஏறின. முதலாளி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் ஓட்டையில் கண்ணை வைத்தேன். தகட்டுக்கு மேலே வெறுமனே நின்ற பகுதியில் வெள்ளைப் பெயிண்ட் கறுத்தது, கொப்பளித்தது, பிறகு... பொங்கியது! அண்ணி சொன்ன அதே பொங்கல்! "அண்ணி, வருது, வருது!" என்று கத்தினேன். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். யார் கவலைப்பட்டார்கள்!

சிவப்புக் கோடு தனியாகப் பிரிந்தது. தகட்டுக்குள் மாட்டிக்கொண்ட பெயிண்டுக்குப் பொங்க இடமில்லை, சூடு நேராக இரும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. சிவப்பு ஏறிற்று, ஏறிற்று, முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார், "டேய், நில்லுடா" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார். பாதி நேரம்கூட ஆகவில்லை, கறுப்புக் கோட்டை முட்டிவிட்டது. முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சற்றுநேரம் கழித்து அவரே, "இதையா நான் ஆஸ்பத்திரியில மாட்ட இருந்தேன்?" என்று கேட்டார். அந்தப் பெரிய தொண்டையில் அவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு கட்சி மாறிவிட்டார். நாங்கள் எல்லாரும் பச்சை.

பச்சை நிதானமாகப் போயிற்று. ஒரு மணி நேரம் தாண்டியது. திடீரென்று ஒரு துள்ளல் துள்ளி மேலே பாய்ந்தது. அதிகாரி குனிந்து பார்த்து, "புகைபோக்கி" என்றார், அவ்வளவுதான். அண்ணி திரையைப் பார்க்கவில்லை, ஓட்டை வழியாக உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "பொங்கிட்டுதான் இருக்கு. இன்னும் முழுசா நிறையலை. மூணு விரல் நிறையட்டும். நிறைஞ்சா காத்துக்கு வழி இருக்காது. நிறைஞ்சுடு, நிறைஞ்சுடு..." பெற்ற பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

நிறைந்தது! நுரை வெளியே தகடுவரை போய் ஒட்டிக்கொண்டது, இடைவெளி அடைபட்டது. பச்சைக் கோடு தயங்கியது, சாய்ந்து படுத்தது, மறுபடி ஆமைபோல ஊர்ந்தது. கடைசி நிமிஷங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். முதலாளி என் தோளைப் பிடித்திருந்த பிடியில் சட்டை கிழிந்தது. ஒன்றரை மணி நேரம் முடிந்து மணி அடித்தபோது பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் நல்ல இடம் மிச்சமிருந்தது. முதலாளி என்னைத் தூக்கிவிட்டார். என்னை! நான் என்ன செய்தேன்? பேசாத அதிகாரியே கைதட்டினார்.

அண்ணி மட்டும் தட்டவில்லை. "தம்பி, உங்க அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க. மதியம் ஆகறதுக்குள்ள."

போட்டேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"என்னங்க, நின்னுடுச்சு! முழுசா நின்னுடுச்சு! நீங்க சரின்னு சொல்லிடுங்க. மேல் மாடிக்கே போங்க."

அண்ணன் சொன்னார். "காலையிலேயே சொல்லிட்டேனே."

"காலையிலயா? உலையைப் பத்தவைக்கறதுக்கு முன்னாடியா?"

"நீங்க வேனை எடுத்த கையோட போய்ச் சொல்லிட்டேன்."

"அது தோத்திருந்தா?"

"தோத்திருந்தா அதை அங்க மாட்ட நீ விட்டிருப்பியா?"

அண்ணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அண்ணன் பெயிண்டை நம்பிச் சரி என்று சொல்லவில்லை, சோதனையை நம்பியும் சொல்லவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது! முதலாளி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அண்ணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். "என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி நீங்க சொல்லலாம்? நான் போன் பண்றேன்னு சொன்னேனா இல்லையா? நான் இங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், நீங்க பாட்டுக்கு..."

"சரி, சரி. வேணாம்னு போய்ச் சொல்லிடட்டுமா?"

"சொல்லித்தான் பாருங்களேன்!" என்றார் அண்ணி, அழுதுகொண்டே.